பெயர் போட்டால் போதுமா?

ஒரு வாசகர் கேட்டது, 2023 மார்ச் 4

அண்ணா, ஒரு கிதார் துண்டு, எட்டே நொடி. தனி ஆளாக வாசித்து வெளியிடுகிற ஒருவருடைய பாட்டிலிருந்து எடுத்தேன். வேகத்தைக் குறைத்து, மேலே என் பீட்டைப் போட்டு ஒரு பாட்டு செய்திருக்கிறேன். கீழே அவர் பெயரைப் போட்டுவிடப் போகிறேன். காசு எதுவும் வரப் போவதில்லை. பெயர் போட்டுவிட்டால் போதும்தானே? அவருக்கும் அது விளம்பரம்தானே? கேட்டுவிட்டுத்தான் போடணும் என்கிறான் நண்பன். கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

மார்ச் 4, இரவு 11.20

போதாது.

உங்கள் கேள்வியின் கடைசி வரியை நீங்களே திரும்பப் படித்துப் பாருங்கள். மறுத்துவிடுவாரோ என்று பயப்படுகிறீர்கள். அப்படியென்றால் மறுக்கிற உரிமை அவருக்கு உண்டு என்பது உங்களுக்கே தெரிந்திருக்கிறது. கேட்காமல் எடுத்துவிட்டுப் பெயர் போடுவது, பக்கத்து வீட்டுக்காரர் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய், பின்னால் "இது இன்னாருடைய சைக்கிள்" என்று அட்டை கட்டி ஓட்டுவது மாதிரி. அட்டையில் பொய் ஒன்றுமில்லை.

விளம்பரம் என்ற பேச்சை விடுங்கள். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே. அவருக்கு விளம்பரம் வேண்டுமா என்று அவர்தான் சொல்லணும்.

கேளுங்கள். எந்தப் பாட்டு, எந்த நொடியிலிருந்து எந்த நொடி வரை, அதை என்ன செய்தீர்கள். மூன்று வரி போதும். கூடவே உங்கள் பாட்டையும் அனுப்புங்கள்.

மார்ச் 5, காலை

தூக்கக் கலக்கத்தில் கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். சைக்கிள் உவமை சரியில்லை என்று ஒருவர் பிடித்துவிட்டார். சைக்கிளை எடுத்தால் உடையவர் நடந்துதான் போகணும். பாட்டை எடுத்தால் அவரிடம் பாட்டு அப்படியே இருக்கும். நியாயம்தான். உவமையைத் திரும்பப் பெறுகிறேன், பதிலை இல்லை.

கேட்பது என்று முடிவு செய்தபின் யாரைக் கேட்பது என்பதில் பலரும் வழுக்கி விழுகிறார்கள். ஒரு பதிவுக்குள் இரண்டு உரிமைகள் இருக்கின்றன. மெட்டும் வரிகளும் ஒன்று. அந்த மெட்டை ஒரு நாள் யாரோ வாசிக்க, பதிவான ஒலி இன்னொன்று. சாம்பிள், அதாவது இன்னொருவர் பதிவிலிருந்து ஒரு துண்டு, எடுக்கிறவர் இரண்டிலும் கை வைக்கிறார். தி வெர்வ் குழு 1997-இல் 'பிட்டர் ஸ்வீட் சிம்பனி'யில் மாட்டியது இங்கேதான். ரோலிங் ஸ்டோன்ஸின் ஒரு பாட்டை ஆண்ட்ரூ ஓல்டம் ஆர்க்கெஸ்ட்ரா வாத்தியக் குழுவுக்காக மாற்றி வாசித்திருந்தது. அந்தப் பதிவிலிருந்து எடுத்தார்கள். ஒலிப்பதிவுக்கு அனுமதி வாங்கியிருந்தார்கள். மெட்டின் உரிமையைக் கையில் வைத்திருந்த தரப்போடு தகராறு வந்து, கடைசியில் ரோலிங் ஸ்டோன்ஸின் மிக் ஜாகர், கீத் ரிச்சர்ட்ஸ் பெயருக்கு அந்தப் பாட்டு போய்விட்டது. 2019-இல்தான் இருவரும் தங்கள் உரிமையை அதைப் பாடிய ரிச்சர்ட் ஆஷ்கிராஃப்டுக்கு விட்டுக்கொடுத்தார்கள்.

இதுவரை எல்லோரும் சொல்கிற கதை. என்னை உறுத்துவது இதில் வராத ஒரு ஆள். அந்த வாத்தியக் குழுவுக்கு இசையை அமைத்துக் கொடுத்தவர் டேவிட் விட்டேகர். ரோலிங் ஸ்டோன்ஸின் மூலப் பாட்டைப் போட்டுவிட்டு அந்த வயலின்களைத் தேடிப் பாருங்கள், கிடைக்காது. இருபது வருடத்துக்கு மேல் யாருடையது யாருடையது என்று அடித்துக்கொண்டார்கள். எழுதியவர்கள் பட்டியலில் விட்டேகர் இல்லை.

மார்ச் 5, மாலை

"எட்டே நொடி" என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த ஏகாரத்தைக் கவனித்தேன். "எட்டு நொடி" என்று எழுதிப் பாருங்கள், வேறு மாதிரி இருக்கும்.

1969-இல் தி வின்ஸ்டன்ஸ் என்ற குழு 'ஆமென், பிரதர்' என்று ஒரு பாட்டை இசைத்தட்டின் பின்பக்கத்தில் வெளியிட்டது. நடுவில் எல்லோரும் நிறுத்திவிட, டிரம்மர் கிரெகரி கோல்மன் மட்டும் நாலு பார் (தாளச் சுற்று) வாசிக்கிறார். ஏழு நொடியில் முடிந்துவிடும். முதல் இரண்டு பார் ஒரே மாதிரி நேராகப் போகும். மூன்றாவதில் ஒரு ஸ்னேர் டிரம் அடி கொஞ்சம் தாமதமாக விழும். நான்காவதில் சிம்பல் நாம் நினைக்கிற இடத்துக்கு முன்னாலேயே விழுந்துவிடும். அந்த நாலு பாரையும் வெட்டி, ஒட்டி, திருப்பிப் போட்டுத்தான் ஜங்கிள், டிரம் அண்ட் பேஸ் என்ற நடன இசை வகைகள் பெருமளவு வளர்ந்தன. ஆயிரக்கணக்கான பதிவுகளில் அது இருக்கிறது.

குழுவின் தலைவர் ரிச்சர்ட் ஸ்பென்சருக்கு இது தெரிய வந்ததே 1996-இல், மூல நாடா கிடைக்குமா என்று கேட்டு ஒரு நிறுவனத்திலிருந்து போன் வந்தபோதுதான். கோல்மன் 2006-இல் இறந்தார், வீடு வாசல் இல்லாமல். 2015-இல் டிஜே ஒருவர் முன்கை எடுத்து நன்கொடை திரட்டினார், 24,000 பவுண்டு சேர்ந்தது. அதை வாங்கிக்கொள்ள ஸ்பென்சர்தான் இருந்தார்.

க்ளைட் ஸ்டபில்ஃபீல்ட் கதையும் இதன் தம்பிதான். ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்' பாட்டில் டிரம்ஸ் வாசித்தவர் அவர்; பதிவு 1969, வெளியீடு 1970. பாட்டின் தலைப்பிலேயே டிரம்மர் இருக்கிறார். எழுதியவர் என்று இருப்பது பிரவுன் பெயர் மட்டும்.

மார்ச் 7

"இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் ஒழுங்கா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை.

பல வருடம் முன்பு, திறந்த உரிமத்தில் இலவசமாகக் கிடைத்த ஒரு பெண் குரலை எடுத்து ஒரு ரீமிக்ஸ் செய்தேன். வரி கிடையாது, வெறும் ஹம்மிங். ஏற்றியவரின் பெயர், கோப்பின் பெயர், உரிமம் மூன்றையும் கீழே போட்டேன். முறைப்படி எல்லாம் சரி. ஒன்றரை வருடம் கழித்து, பாடியவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. ஏற்றியவர் ஒருவர், பாடியவர் வேறொருவர். மீதியை அப்புறம் எழுதுகிறேன், வேலைக்கு நேரமாகிவிட்டது.

மார்ச் 8

மேலே எழுதியதில் ஒரு திருத்தம். நேற்று ராத்திரி பழைய ஹார்ட் டிஸ்கைத் தோண்டினேன். 'ஹம் ஃபைனல்', 'ஹம் ஃபைனல் 2', 'ஹம் நிஜமாகவே ஃபைனல்' என்று மூன்று கோப்புகள். பக்கத்தில், வெளியிட்ட அன்றைக்குப் போட்ட குறிப்பும் இருந்தது. அதில் இருந்தது இவ்வளவுதான்:

"குரல்: இணையத்திலிருந்து. நன்றி."

பெயர், கோப்பு, உரிமம் எல்லாம் மின்னஞ்சல் வந்தபின் பதறிப்போய்ச் சேர்த்தவை. முதலிலேயே போட்டதாக நான் இத்தனை வருடம் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். நேற்று அதை உங்களுக்கும் சொல்லிவிட்டேன். மன்னிக்கணும்.

"இணையத்திலிருந்து" என்பது கிரெடிட் இல்லை. கடிதத்தில் அனுப்புநர் இடத்தில் "தபால்காரர்" என்று எழுதுவது போல. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமங்கள் 2002-இலிருந்து இருக்கின்றன. அவை கேட்பது அப்படியொன்றும் பெரிய வேலையில்லை. யார் செய்தது, எங்கே இருக்கிறது, எந்த உரிமம் என்பதைச் சுட்டியோடு போடணும். மாற்றியிருந்தால் மாற்றியதாகச் சொல்லணும். இந்தக் கடைசி விஷயத்தைத்தான் முக்கால்வாசிப் பேர் விடுகிறார்கள். சுருதியை மூன்று அரைப்படி இறக்கிவிட்டு அவர் பெயரை மட்டும் போட்டால், அவர் அப்படித்தான் பாடினார் என்று கேட்கிறவர் நினைத்துக்கொள்வார்.

மார்ச் 9

காசு வராவிட்டால் தப்பில்லை என்று மூன்று பேர் மூன்று விதமாக எழுதியிருக்கிறீர்கள். காசு வராதது நம் பாட்டின் தலையெழுத்து. அதை அவருடைய சம்மதத்தோடு சேர்த்துக் குழப்பவேண்டாம்.

திறந்த உரிமம் என்று கண்டதும் எல்லாம் ஒன்று என்று எடுத்துக்கொள்வதும் நடக்கிறது. 'மாற்றக்கூடாது' என்ற நிபந்தனையோடு இருப்பதை வீட்டில் உட்கார்ந்து ரீமிக்ஸ் செய்து கேட்டுக்கொள்ளலாம், வெளியே விடக்கூடாது. 'அதே உரிமத்தில் பகிர்' என்றிருந்தால் உங்கள் பாட்டையும் அதே உரிமத்தில்தான் திறந்துவிடணும். ஒருமுறை டிரம்ஸ் 'அதே உரிமத்தில் பகிர்', பியானோ 'வணிகமற்றது, அதே உரிமத்தில் பகிர்' என்று இரண்டு லூப்களை (திரும்பத் திரும்ப ஓடவிடும் இசைத் துண்டுகளை) வைத்து ஒரு வாரம் வேலை பார்த்தேன். இரண்டையும் கலந்த பாட்டை எந்த உரிமத்தில் வெளியிடுவது? ஒன்றை வணிகத்துக்கும் விடணும், இன்னொன்றை விடக்கூடாது. வழியே இல்லை. பியானோவைத் தூக்கினேன். ஒரு வாரம் போச்சு.

மார்ச் 9, மதியம்

"கேட்டேன், பதிலே வரவில்லை, அதனால் போட்டுவிட்டேன்" என்று எழுதியவருக்கு: பதில் வராதது பதில் இல்லை. 1991-இல் நியூயார்க் நீதிமன்றத்தில் ராப் பாடகர் பிஸ் மார்க்கி மேல் வந்த வழக்கைப் படித்துப் பாருங்கள். கில்பர்ட் ஓ'சல்லிவனின் ஒரு பாட்டிலிருந்து சாம்பிள். மார்க்கி தரப்பில் அனுமதி கேட்டிருக்கிறார்கள், கிடைப்பதற்கு முன்பே வெளியிட்டுவிட்டார்கள். கேட்டதே அவர்களுக்கு எதிராகத் திரும்பியது: அனுமதி தேவை என்று தெரிந்துதானே கேட்டீர்கள்? "திருடாதிருப்பாயாக" என்று வேதாகமக் கட்டளையோடு தீர்ப்பு தொடங்குகிறது.

மனிதர் 1993-இல் அடுத்து வெளியிட்ட ஆல்பத்துக்கு வைத்த தலைப்பு 'ஆல் சாம்பிள்ஸ் கிளியர்ட்!'. எல்லாச் சாம்பிளுக்கும் அனுமதி வாங்கியாச்சு என்று, ஆச்சரியக்குறியோடு. எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அதற்கப்புறம்தான்.

மார்ச் 12

ஜமைக்காவில் ஒரே ரிதம் (குரல் இல்லாத தாளமும் பேஸும்) மேல் நூறு பேர் பாடுகிறார்கள், அங்கே யார் யாரைக் கேட்டார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். நல்ல இடத்தில் குத்தியிருக்கிறார். ரீமிக்ஸ் என்ற கலையே பெருமளவு அங்கிருந்து வந்ததுதான். கிங் டப்பி போன்றவர்கள் குரலை எடுத்துவிட்டு, டிரம்ஸையும் பேஸையும் முன்னால் கொண்டுவந்து, எதிரொலியை ஏற்றி, இசைத்தட்டின் மறுபக்கத்தில் 'வெர்ஷன்' என்று போட்டார்கள். அதைக் கேட்காமல் வளர்ந்தவன் இல்லை நான். கேட்டுக் கேட்டு அனுமதி வாங்கிக்கொண்டிருந்தால் அதில் பாதி வந்திருக்காது என்பதும் உண்மை.

ஆனால் அங்கே ஒரு விஷயம் இருந்தது. ரிதத்துக்குப் பெயர் உண்டு. எந்த ரிதம் மேல் பாடுகிறோம் என்பது பாடுகிறவருக்கும் கேட்கிறவருக்கும் தெரியும். யாரும் யாரையும் மறைக்கவில்லை. வாசித்தவர்களுக்குக் காசு போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கதை, அது சோகக் கதை.

அந்த ரிதங்களில் 1985-இல் ஆட்டிப் படைத்தது 'ஸ்லெங் டெங்'. வெய்ன் ஸ்மித் பாடியது, கிங் ஜாமி தயாரித்தது. அந்தத் தாளத்தை யார் வாசித்தது? யாரும் இல்லை. கேசியோ எம்டி-40 என்ற சின்ன கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினால் வருகிற 'ராக்' தாளம்தான் அது, வேகம் மட்டும் குறைக்கப்பட்டது. சரி, அந்தப் பொத்தானுக்குள் தாளத்தை வைத்தது யார்? ஒகுடா ஹிரோகோ என்ற ஜப்பானியப் பெண், கேசியோவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்தது. ஜமைக்காவின் ரெகே இசைமேல் பைத்தியம் அவர். கீபோர்டு தொழிற்சாலையிலிருந்து வந்ததால் அது தானாக முளைத்தது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

என் லேப்டாப்பில் டிரம் கிட்கள் மட்டும் நானூறு இருக்கின்றன. எத்தனை ஒகுடாக்களோ.

மார்ச் 13

சாப்பிடும்போது திடீரென்று தோன்றியது, பாதியில் எழுந்து வந்து எழுதுகிறேன். பள்ளியில் மனப்பாடம் செய்து மறந்துபோன நன்னூல்.

பவணந்தியார் நூல்களை மூன்றாகப் பிரிக்கிறார்: முதல்நூல், வழிநூல், சார்புநூல். வழிநூல் என்றால் முன்னோர் சொன்ன முடிவோடு ஒத்துப்போய், "பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி" வருவது. பின்னால் வருகிறவன் தனக்கு வேண்டிய மாறுதல்களைச் சேர்ப்பது. ரீமிக்ஸுக்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் நான் பார்த்ததில்லை. சார்புநூல் "இருவர் நூற்கும் ஒருசிறை தொடங்கி" வேறுபட்டு வருவது. இரண்டு பேர் பாட்டிலிருந்தும் ஒவ்வொரு பக்கத்தை எடுத்து ஒட்டினால் மேஷப்.

அது மட்டுமில்லை. ஒரு நூலுக்குப் பாயிரத்தில் என்னென்ன சொல்லணும் என்று பட்டியல் போடும்போது முதலில் வருவது "ஆக்கியோன் பெயரே வழியே". செய்தவன் பெயர், அடுத்து எந்த வழியில் வந்தது என்பது. நூலின் பெயர்கூட அதற்குப் பிறகுதான். எழுநூறு வருடத்துக்கு மேல் பழைய சங்கதி. நான் "இணையத்திலிருந்து. நன்றி." என்று எழுதியிருக்கிறேன்.

மார்ச் 13, சற்றுப் பிறகு

ஒருவர் கேட்கிறார், பவணந்தியார் அனுமதி வாங்கச் சொன்னாரா என்று. இல்லை. வழியைச் சொல்லச் சொன்னார், கேட்கச் சொல்லவில்லை. அங்கே முன்னோர் பெரும்பாலும் காலமாகிவிட்டவர்கள். முதலில் கேள்வி கேட்ட தம்பியின் கிதார்காரருக்கு மின்னஞ்சல் முகவரி இருக்கிறது.

மார்ச் 15

மறுபக்கமும் பார்த்திருக்கிறேன். நான் திறந்த உரிமத்தில் போட்ட ஒரு பேஸ் லூப்பை ஒருவர் எடுத்து, இரண்டு மடங்கு வேகமாக்கி, மேலே சைரன் சத்தத்தையும் நாய் குரைப்பதையும் போட்டு வெளியிட்டார். கிரெடிட் பிரமாதம். பெயர், சுட்டி, உரிமம், செய்த மாற்றங்கள் எல்லாம் வரிசையாக. தலைப்பிலேயே என் பெயரைப் போட்டிருந்தார். யாராவது என் பெயரைத் தேடினால் முதலில் நாய்தான் குரைக்கும்.

பெயரை எடுத்துவிடச் சொல்லி எழுதினேன். கிரியேட்டிவ் காமன்ஸில் அதற்கு இடம் உண்டு: உரிமம் கொடுத்தவர் கேட்டால், முடிந்த அளவு பெயரை நீக்கணும். பாட்டை நிறுத்தச் சொல்ல முடியாது. கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. ஒரு மணி நேரத்தில் எடுத்துவிட்டார், மன்னிப்போடு.

இரண்டு மாதத்தில் அந்தப் பாட்டு ஓடு ஓடென்று ஓடியது. என் பாட்டுகள் எல்லாவற்றையும் சேர்த்தாலும் அதில் பத்தில் ஒரு பங்கு பேர் கேட்டிருக்க மாட்டார்கள். இன்றைக்கு அதை எழுதும்போதுகூட வயிறு எரிகிறது. அறம் பேசுகிறவனின் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் 16

கோபத்தில் ஒரு வரி. என்னுடைய இன்னொரு லூப்பை எடுத்து யாரோ பாட்டு செய்து, அதைத் தானியங்கி உரிமைச் சோதனையில் தன்னுடையதென்று பதிவு செய்துவிட்டார். இப்போது என் மூலப் பதிவின்மேலேயே எனக்கு அறிவிப்பு வந்திருக்கிறது, அனுமதியில்லாமல் அவர் இசையைப் பயன்படுத்தியிருக்கிறேனாம்.

மார்ச் 17

ஸ்டெம் (ஒரு பாட்டின் ஒவ்வொரு பகுதியும் தனித்தனிக் கோப்பாக) பற்றிக் கேட்டவருக்கு. முன்பெல்லாம் குரல் தனியாக, டிரம்ஸ் தனியாக வேண்டுமென்றால் பாட்டைச் செய்தவரே கொடுக்கணும். கொடுப்பதே சம்மதம். 2019-இல் 'ஸ்ப்ளீட்டர்' என்ற மென்பொருளை இலவசமாகத் திறந்துவிட்டார்கள்; அதற்குப் பிறகு முடிந்த பாட்டைப் போட்டால் குரல், டிரம்ஸ், பேஸ் எல்லாம் நிமிடத்தில் பிரிந்து வந்துவிடும். நானும் பயன்படுத்துகிறேன், கற்றுக்கொள்ள அதைப்போல ஒன்று இல்லை. கேட்பதற்கு இருந்த கட்டாயம் மட்டும் இதில் காணாமல் போய்விட்டது. இனி கேட்கிறவர் தானாக விரும்பித்தான் கேட்கணும்.

மார்ச் 19

சரி, அந்த மின்னஞ்சல்.

கோப்பு 41 நொடி. ஒரு பெண் குரல், வாய் மூடியபடி. 17-ஆவது நொடியில் ஒரு மூச்சு வாங்குகிறார். லேசாக மூக்கடைப்பு இருந்திருக்கும் போல, கொஞ்சம் சத்தமாகவே கேட்கும். நான் அந்த மூச்சை வெட்டிவிட்டு, முன்னால் இருந்ததையும் பின்னால் இருந்ததையும் இழுத்து ஒட்டினேன். ஒட்டு தெரியாமல் ரிவெர்ப் (அறைக்குள் ஒலிப்பது போன்ற எதிரொலி) போட்டேன். அப்போது அதில் எனக்குப் பெருமை.

அவர் எழுதியது (இந்த முறை கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டே எழுதுகிறேன், நம்பலாம்): "சார், நீங்கள் செய்திருப்பது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அது நான் பாடிய பாட்டில்லை. பதிவு தொடங்குவதற்கு முன் தொண்டையைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். மைக் ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது."

பதிவு செய்த பொறியாளர் அன்றைக்கு மீந்த துண்டுகளையெல்லாம் மொத்தமாகத் திறந்த உரிமத்தில் ஏற்றியிருக்கிறார். அவர் மைக், அவர் அறை, அவர் பதிவு. அதனால் தன்னுடையது என்று நினைத்திருக்கிறார். கெட்ட எண்ணம் இருந்த மாதிரி தெரியவில்லை. பாடியவருக்கும் அந்தக் குரலில் ஒரு உரிமை உண்டு என்பது அவருக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. உரிமச் சின்னத்தைப் பார்த்தேன், எடுத்தேன்.

நீக்கிவிடுகிறேன் என்று உடனே எழுதினேன். வேண்டாம் என்றார். அப்படியானால் உங்கள் பெயரைப் போடுகிறேன் என்றேன். அதுவும் வேண்டாம் என்றார். "என் பெயரைப் போட்டால் நான் இப்படித்தான் பாடுவேன் என்று நினைப்பார்கள் சார். ஒன்று மட்டும் செய்யுங்கள். மூச்சு வாங்கும் இடத்தை ஏன் வெட்டினீர்கள்? அதைத் திரும்ப வையுங்கள்."

இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன். நான் ஒட்டிய இடத்தில் அந்தக் குரல் எந்த மனிதராலும் ஒரே மூச்சில் பாட முடியாத நீளத்துக்குப் போய்க்கொண்டே இருக்கிறது. ஒன்றரை வருடமாக நான் அதைக் கவனிக்கவில்லை. அவர் முதல் தடவை கேட்டபோதே கண்டுபிடித்திருப்பார், தன் நெஞ்சு தனக்குத் தெரியாதா.

மூச்சைத் திரும்ப வைத்தேன். குறிப்பு இப்போது இப்படி இருக்கிறது: "குரல்: பெயர் வேண்டாம் என்றவர், அவர் அனுமதியோடு. பதிவு: (அந்தப் பொறியாளர் பெயர், சுட்டி). சுருதி மூன்று அரைப்படி இறக்கப்பட்டிருக்கிறது. முதல் வடிவத்தில் 17-ஆவது நொடியில் மூச்சு வெட்டப்பட்டிருந்தது, இதில் இருக்கிறது."

மார்ச் 20

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர்: "அடையாளமே தெரியாத அளவு மாற்றிவிட்டால்?" இதில் நான் இன்னும் இரண்டு மனதாகத்தான் இருக்கிறேன். கிராஃப்ட்வெர்க் குழு 1977-இல் வெளியிட்ட ஒரு தாளத்திலிருந்து இரண்டு நொடி எடுத்து 1997-இல் ஒரு ஜெர்மன் ராப் பாட்டில் சுழலவிட்டார்கள். இரண்டு நொடிக்காக இருபது வருடத்துக்கு மேல் வழக்கு. ஐரோப்பிய நீதிமன்றம் 2019-இல் சொன்னது: எவ்வளவு சின்னத் துண்டானாலும் அனுமதி வேண்டும், கேட்கிற காதுக்கு அடையாளம் தெரியாதபடி மாற்றியிருந்தால் தேவையில்லை. வழக்கு அதோடும் முடியவில்லை.

சட்டமாக அது புரிகிறது. ஆனால் அதன்படி பார்த்தால் நன்றாக மறைக்கத் தெரிந்தவனுக்குக் கடன் இல்லை. நான் ரிவெர்ப் போட்டு ஒட்டை மறைத்தேனே, அந்தத் திறமைக்குப் பரிசா? இன்னொரு பக்கம், ஒரு கதவு சாத்தும் சத்தத்தை நூறு மடங்கு நீட்டி வெறும் இரைச்சலாக்கி எங்கோ அடியில் வைத்தால் அதற்கும் ஆளைத் தேடிப் போகணுமா? நான் போகமாட்டேன். பெயர் மட்டும் போடுவேன். ஏன் என்று கேட்டால், எங்கிருந்து எடுத்தேன் என்று எனக்குத் தெரியும் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.

மார்ச் 26

தம்பியிடமிருந்து செய்தி. கிதார்காரருக்கு எழுதினாராம், மூன்று வரியும் பாட்டும். பதினேழாவது நாள் பதில்: "கேட்டதற்கு நன்றி. பீட் நன்றாக இருக்கிறது. ஆனால் வேண்டாம்." காரணம் சொல்லவில்லை.

"நீங்கள்தான் கேட்கச் சொன்னீர்கள்" என்கிறார் என்னிடம். ஆமாம், நான்தான் சொன்னேன்.

மார்ச் 27

கிதாரை எடுத்துவிட்டு மீதியை எனக்கு அனுப்பியிருக்கிறார், என்ன செய்யலாம் என்று கேட்டு. ஹெட்போனில் போட்டுக் கேட்டேன். டிரம்ஸில் ஒரு கிக், ஒரு ஹைஹேட், இரண்டாவது நிமிடத்தில் ஒரு கைதட்டல். அவ்வளவுதான். பாட்டு மொத்தம் 3 நிமிடம் 12 நொடி. எட்டு நொடியை வேகம் குறைத்தால் பன்னிரண்டு நொடி. அதைப் பதினாறு முறை ஓடவிட்டிருக்கிறார். கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அவரிடம் இதை எப்படிச் சொல்வதென்று தெரியாமல் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். கடைசியில் அந்தக் கணக்கை மட்டும் அனுப்பினேன்.

மார்ச் 28

"ஓ" என்று பதில் வந்திருக்கிறது.

ஏப்ரல் 9

நண்பனிடம் ஒரு பழைய கிதாரை இரவல் வாங்கியிருக்கிறாராம், கேட்டுத்தான். அந்த மெட்டை வாசிக்கப் போவதில்லை, அதே மாதிரி இழுவையான ஒன்றைச் சொந்தமாகப் பிடிக்கப் பார்க்கிறார். அப்படிப் பிடித்தால், "இவரைக் கேட்டதால் வந்தது" என்று கிதார்காரர் பெயரைப் போடணுமா என்று கேட்டிருக்கிறார். போட்டால் அவர் வேண்டாம் என்றது மீறியதாகுமா என்றும். முதல் கேள்விக்கு எனக்கு ஆசை "ஆமாம்" என்று சொல்ல. இரண்டாவதைப் பார்த்தபின் கையை எடுத்துவிட்டேன். உங்களில் யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.

இதுவரை இரண்டு பார் வந்திருக்கிறது. விரல் நுனியெல்லாம் எரிகிறதாம்.